வலையோரத்தில் உர்சினா லோசர்

சுவிஸ் நாட்டின் டோகன்பர்க் பள்ளத்தாக்கில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் அது ஏதாவது ஒரு லோசர் வீட்டுக் கூரையில்தான் போய் விழும். தச்சர் லோசர், தபால்காரர் லோசர், எப்னாட் ஊர்க் கல்லறையில் ஒரு வரிசை முழுக்க லோசர். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுத்து வரும் லாரியை ஓட்டிய வெர்னர் லோசருக்கு ஒரு பெண் பிறந்து, அதற்கு உர்சினா என்று பெயர் வைத்தபோது, அந்தக் குடும்பப் பெயரில் சிரிப்பதற்கு ஏதாவது இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. அதைத் தெரிந்துகொள்ள அவள் பதினேழு வயதில் இங்கிலாந்து போக வேண்டியிருந்தது.

ஆற்றங்கரையில், மரம் அறுக்கும் மில்லுக்குப் பக்கத்தில், ஊர் டென்னிஸ் கிளப்புக்கு மூன்று செம்மண் கோர்ட்டுகள் உண்டு. அங்கிருந்த சின்ன அடுப்படியை உர்சினாவின் அம்மா மார்கிரித் பார்த்துக்கொண்டாள். சாசேஜ் வாட்டுவாள், காபி போடுவாள், தோற்றவர்களின் புலம்பலைக் காதில் வாங்காமல் கோப்பை கழுவுவாள். செவ்வாய்க்கிழமை காலைகளில் நாலு பெண்கள் இரட்டையர் ஆட வருவார்கள். கோடை விடுமுறையில் ஒருநாள் அவர்களில் ஒருத்திக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆளில்லாமல் திரும்பிப் போக மனமில்லாத மருந்துக்கடை கிரோப் அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். படியில் உட்கார்ந்து ஐஸ் தின்றுகொண்டிருந்த உர்சினா கண்ணில் பட்டாள். அப்போது அவளுக்குப் பதினோரு வயது.

"ஏய் உர்சினா, அந்த மட்டைய எடுத்துக்கிட்டு வா. நெட்டுகிட்ட போய் நில்லு. நீ ஒண்ணும் ஆட வேணாம், மத்தத நான் பாத்துக்கறேன்."

"பந்து மூஞ்சில பட்டா?"

"பட்டா பாயிண்ட் அவங்களுக்கு. அதனால படாம பாத்துக்க."

உர்சினா போய் நின்றாள். மூன்றாவது பந்து நேராக அவள் மூஞ்சிக்குத்தான் வந்தது. பயத்தில் மட்டையைத் தூக்கினாள். பந்து மட்டையில் பட்டு, எதிரே நின்ற இரண்டு பெண்களுக்கும் நடுவில் செத்த எலிபோல விழுந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உன்னோடதுன்னு நெனச்சேன்."

"நான் உன்னோடதுன்னுல்ல நெனச்சேன்!"

கிரோப் அம்மாள் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "மார்கிரித், உன் பொண்ண அடுத்த வாரமும் அனுப்பு. குட்டி சரியான திருட்டுப் பூனை."

அப்படித்தான் ஆரம்பித்தது. மற்றப் பிள்ளைகள் கோட்டோரம் நின்று ஓங்கி ஓங்கி அடிக்கப் பழகியபோது, உர்சினா வலையோரத்தில் வளர்ந்தாள். பந்து எங்கே போகும் என்பதை, அடிப்பவளின் தோளைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பின்னால் நின்று காத்திருப்பது மட்டும் அவளுக்கு எப்போதுமே பிடிக்கவில்லை. அவளுடைய சர்வ், கடைசிவரை, விருந்தாளிக்கு ரொட்டிக் கூடையை நீட்டுவதுபோல மரியாதையாகத்தான் போகும்.

பதினைந்தாம் வயதில் தேசியப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷம் கழித்து இங்கிலாந்தில் இளையோர் போட்டி ஒன்றுக்கு அனுப்பினார்கள். புல்தரை, மேகமூட்டம், நாற்பது ஐம்பது பார்வையாளர்கள். முதல் கேமை அவள் எடுத்ததும், நடுவர் தன் நாற்காலியிலிருந்து அறிவித்தார்: "கேம், மிஸ் லூசர்."

கூட்டத்தில் களுக்கென்று ஒரு சிரிப்பு. உர்சினா தன் பாவாடையைக் குனிந்து பார்த்தாள். ஒன்றும் கிழிந்திருக்கவில்லை. இடைவேளையில், வேலியோரம் நின்ற இன்னொரு சுவிஸ் பெண்ணிடம் கேட்டாள். "எதுக்குடி சிரிக்கறாங்க?"

"உன் பேருக்குத்தான். இவங்க பாஷைல தோத்தவன்னு அர்த்தம்."

உர்சினா தண்ணீர் குடித்துக்கொண்டே யோசித்தாள். "அப்ப நான் ஜெயிச்சா என்ன சொல்லுவாரு?"

அன்று அவள் ஜெயித்தாள். வயதான அந்த நடுவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு ஒரு தடவை கனைத்தார். பிறகு, வென்றவர் மிஸ் லூசர் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் மீசை துடித்ததை முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

மட்டை விற்கும் கம்பெனியின் ஆள் ஒருவர் வீட்டுக்கே வந்து, அம்மாவின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரான 'அம்மான்' என்பதை வைத்துக்கொள்ளலாமே என்று பக்குவமாகச் சொன்னார். பால் லாரியிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்த வெர்னர், பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கப்பன் லோசர். அவங்கப்பனும் லோசர். ஊருல ஒருத்தர் வீட்டுப் பாலும் அதனால திரியல. இங்கிலீஷ்காரனுக்கு வாய் சரியில்லன்னா நான் என்ன பண்றது?"

உர்சினா பெயரை மாற்றவில்லை. அப்பாவின் ரோஷம் ஒரு காரணம். பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு அலைய வேண்டுமே என்ற சலிப்பு அதைவிடப் பெரிய காரணம்.

பதினெட்டு முடிந்ததும் பயிற்சியிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒற்றையர் ஆட்டத்தில் அவள் பெரிதாக வரமாட்டாள் என்றார்கள். அதில் தப்பில்லை. அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனாலும் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி கொடுத்த பழைய ஓப்பல் காரில் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். ஐரோப்பாவில் வாரத்துக்கு வாரம் ஏதாவது ஓர் ஊரில் சின்னப் போட்டி நடந்துகொண்டேயிருக்கும். செவ்வாய்க்கிழமை தோற்றால் புதன்கிழமை அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும். கைகழுவும் தொட்டியில் துணி துவைத்து, காரின் பின்கண்ணாடியோரம் காயப்போட்டுக்கொண்டு ஓட்டினாள். ஓட்டுவது அவளுக்குப் பிடித்திருந்தது. சில வாரங்களில் ஆட்டத்தைவிட அதுதான் நன்றாக இருந்தது.

ஜெர்மனியில் மழை விடாத ஓர் ஊரில்தான் யோரின் போஸ்ட்மாவைச் சந்தித்தாள். ஹாலந்தின் வடக்கே ஃபிரீஸ்லாந்தில் மாட்டுப்பண்ணைக்காரர் மகள். கதவு நிலை தலையில் இடிக்கும் உயரம். இருவரும் அன்று காலை ஒற்றையரில் தோற்றிருந்தார்கள். இரட்டையருக்குப் பெயர் கொடுக்கும் மேசையை மூடப்போகிற நேரம்.

"உனக்கு ஜோடி இருக்கா?" என்றாள் யோரின். ஜெர்மன் மொழியை அவள் உருளைக்கிழங்கை வாயில் போட்டுக்கொண்டதுபோலப் பேசுவாள்.

"இல்ல."

"எனக்கும் இல்ல. நெட்ல ஆடுவியா?"

"அது ஒண்ணுதான் ஆடுவேன்."

"அப்ப நல்லதாப் போச்சு. எனக்கு நெட்டப் பாத்தாலே பாம்பப் பாத்த மாதிரி. பின்னாடி நின்னு சர்வ் போடச் சொல்லு, பொழுது சாயற வரைக்கும் போடுவேன்."

அவள் சொன்னது பொய்யில்லை. யோரினின் சர்வ், களத்தில் ஆப்பு அடிக்கிற சம்மட்டி. அது தடுமாறித் திரும்பி வரும்போது உர்சினா குறுக்கே பாய்ந்து வெட்டிவிடுவாள். சர்வுக்கு முன்னால், வலையோரம் குனிந்து நிற்கும் உர்சினா முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டுவாள். ஒரு விரல் என்றால் நான் நகரமாட்டேன், இரண்டு என்றால் குறுக்கே பாய்வேன், மூடிய கை என்றால் பாய்வதுபோல ஏமாற்றுவேன். இந்தக் கணக்கை ஒரே ஒரு தடவை, காரில் போகும்போது பேசிவைத்ததுதான். பிறகு மாற்றவே இல்லை.

ஐந்து வருஷம் சேர்ந்து ஆடினார்கள். உர்சினா ஓட்ட, யோரின் பக்கத்தில் வரைபடத்தை விரித்துக்கொண்டு, உப்புப் போட்ட கறுப்பு மிட்டாயைத் தின்றுகொண்டே வழி சொல்லுவாள். பாதி நேரம் தப்பான வழி.

"எங்கப்பா பால் கறக்கறவர். உங்கப்பா அத எடுத்துட்டுப் போறவர். நம்ம ரெண்டு பேருக்கும் எதுக்குடி இந்தப் பொழப்பு?" என்பாள்.

"காலையில நாலு மணிக்கு எந்திரிக்க வேணாமே."

சின்னப் போட்டிகளிலிருந்து நடுத்தரப் போட்டிகளுக்கு ஏறினார்கள். பாரிஸில் ஒருமுறை மூன்றாம் சுற்று வரை. லண்டனில் ஒரு வருஷம் காலிறுதி. அங்கே பெயர் அவர்களுக்கு முன்பே போயிருந்தது. வைக்கோல் தொப்பி போட்ட ஒரு கிழவர், ஒவ்வொரு பாயிண்டுக்கும் எழுந்து நின்று "விடாதே லூசர்!" என்று கத்தினார். கூட்டமே சேர்ந்துகொண்டது. ஆனாலும் தோற்றார்கள். எதிர் ஜோடி நன்றாக ஆடியது, அவ்வளவுதான். எப்னாட் கிளப்பில் பத்திரிகைப் படத்தைக் காபி இயந்திரத்துக்கு மேலே ஒட்டிவைத்தார்கள். ஆவி பட்டுப் பட்டு இரண்டு மாதத்தில் அது சுருண்டு விழுந்தது.

அடுத்த வருஷம் இலையுதிர் காலத்தில், டேன்யூப் நதிக்கரையில் ஓர் ஆஸ்திரிய ஊரில் உள்ளரங்குப் போட்டி. முதல் ஆட்டத்தன்று காலை ஓட்டலின் சாப்பாட்டு அறையில், யோரின் தட்டில் இருந்த முட்டையைத் தொடாமல் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"டெல்மா கேட்டா" என்றாள்.

டெல்மா ஓர் ஆஸ்திரேலியக்காரி. உலகத்து இரட்டையர் வரிசையில் முதல் பத்துப் பேரில் ஒருத்தி. அவளுடைய ஜோடிக்கு முழங்கால் போய்விட்டது என்பது எல்லாருக்கும் தெரியும்.

"என்ன கேட்டா?"

"ஜனவரிலேர்ந்து சேந்து ஆடலாமான்னு. நான் சரின்னுட்டேன்."

உர்சினா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தடவி முடித்தாள். மூலை வரைக்கும் தடவினாள்.

"வாரம் முடிஞ்சு சொல்லியிருக்கலாம்ல?"

"உன்கிட்ட மறச்சிட்டு, உன் முதுகப் பாத்துக்கிட்டு சர்வ் போட முடியாதுடி. அதான்."

"சரி. முட்டையச் சாப்பிடு. மத்தியானம் ஆட்டம் இருக்கு."

முதல் சுற்றிலேயே அவர்களுக்கு மேல்வரிசை ஜோடி ஒன்று வாய்த்திருந்தது. தோற்றுவிடுவோம், சாயங்காலமே ஆளுக்கொரு பக்கமாகக் கிளம்பிவிடலாம் என்றுதான் உர்சினா எண்ணியிருந்தாள். யோரினும் அப்படித்தான் எண்ணினாள் என்று பிறகு தெரிந்தது. ஆனால் எதிர் ஜோடியில் ஒருத்திக்கு வயிறு சரியில்லை. இரண்டே செட்டில் ஜெயித்துவிட்டார்கள். மறுநாளும் ஆட வேண்டியதாயிற்று. மறுநாளும் ஜெயித்தார்கள்.

அந்த வாரம் அவர்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. சாப்பிடத் தனித்தனியாகப் போனார்கள். ஒரே அறையில் இரண்டு கட்டில். குளியலறையை யார் முதலில் எடுப்பது என்பது போன்ற விஷயங்களில் அளவுக்கு மீறிய மரியாதை. "நீ போ." "இல்ல, நீ முதல்ல போ." கோர்ட்டில் விரல்கள் மட்டும் வழக்கம்போலப் பேசின. உர்சினாவுக்கே அது விசித்திரமாக இருந்தது. மனசு கல்லாகக் கிடக்கிறது, கை பாட்டுக்கு முதுகுக்குப் பின்னால் போய் இரண்டு விரல் காட்டுகிறது, சம்மட்டி விழுகிறது, இவள் பாய்கிறாள், பாயிண்ட் வந்துவிடுகிறது. ஐந்து வருஷத்தில் அவர்கள் இவ்வளவு நன்றாக ஆடியதில்லை.

அரையிறுதியில் ஜெயித்து வலையருகே கைகுலுக்கிவிட்டுத் திரும்பும்போது யோரின் முணுமுணுத்தாள். "ஒருநாளாவது தோத்துத் தொலைய மாட்டேங்கறியே."

"நீ தோக்க வேண்டியதுதானே? யார் தடுத்தா?"

"எனக்கு வரல."

"எனக்கும் வரல."

இறுதியாட்டம் ஞாயிறு. அரங்கு பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. வெர்னர் அதிகாலைப் பால் சுற்றை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, மார்கிரித்தையும் கிரோப் அம்மாளையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்திரியாவுக்கே வந்துவிட்டார். பிரிவுச் சேதி அவர்களுக்குத் தெரியாது. மூன்றாவது செட், யோரின் சர்வ், இன்னும் ஒரே ஒரு பாயிண்ட். யோரின் பந்தை மூன்று தடவை தரையில் தட்டிவிட்டு நிமிர்ந்து, உர்சினாவின் முதுகைப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே, பேசிவைத்த கணக்கில் இல்லாத ஒரு விரல் நீட்டிக்கொண்டிருந்தது. நடுவிரல். அது மட்டும். நன்றாக, நிதானமாக.

யோரின் ஒரு கணம் அசையாமல் நின்றாள். பிறகு வெடித்துச் சிரித்தாள். பந்தைக் கீழே விட்டுவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள். நடுவர் நேரமாகிறது என்று எச்சரித்தார். எதிர்ப்பக்கத்துப் பெண்கள் தங்களைத்தான் கேலி செய்கிறாள் என்று முறைத்தார்கள். உர்சினா திரும்பிப் பார்க்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு யோரின் அடித்த பந்தை அங்கே யாருமே தொடவில்லை.

அவர்கள் இருவரும் சேர்ந்து வாங்கியதில் அதுதான் பெரிய கோப்பை. தனக்கென்று உர்சினா வாங்கியதிலும் அதுதான் பெரியது. கிரோப் அம்மாள் மேடைக்குக் கீழே நின்று, அவளை நெட்டில் முதலில் நிறுத்தியது நான்தான் என்று அறிமுகமில்லாத ஆஸ்திரியர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

யோரின் முனிச்சிலிருந்து விமானம் ஏற வேண்டும். உர்சினாவுக்கு அது போகிற வழிதான். மூட்டைகளை வழக்கம்போலப் பின்சீட்டில் எறிந்துவிட்டுக் கிளம்பினார்கள். வெகுதூரம் வரை யோரின் வரைபடத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள். நெடுஞ்சாலையில் அதற்கு ஒரு வேலையும் இல்லை.

"திட்டேன்டி" என்றாள் கடைசியில். "ஒரு வாரமா நீ திட்டுவ திட்டுவன்னு காத்துக்கிட்டிருக்கேன். விரல காட்டினதோட சரியா?"

"என்னத்தத் திட்டறது? டெல்மா என்னைக் கேட்டிருந்தா, நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். வாரம் முடியற வரைக்கும் உன்கிட்ட சொல்லியிருக்கக்கூட மாட்டேன்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். என்னை அவ கேக்கல. அதுதான் எனக்கு எரியுது. உன் மேல ஒண்ணும் இல்ல." கொஞ்ச தூரம் போய், "கொஞ்சம் இருக்கு" என்றாள்.

விமான நிலைய வாசலில் கோப்பையை யார் வைத்துக்கொள்வது என்று ஒரு பேச்சு வந்தது. யோரினின் பையில் அது நுழையவில்லை. அதனால் காரிலேயே இருந்துவிட்டது.

அடுத்த கோடையில் யோரினும் டெல்மாவும் பாரிஸில் பெரிய பட்டத்தையே வாங்கினார்கள். எப்னாட் கிளப்பில், அடுப்படிக்கு மேலே இருந்த டிவியில் எல்லாரும் பார்த்தார்கள். முழங்காலில் கட்டுப் போட்டிருந்ததால் உர்சினாவும் அந்த வாரம் வீட்டில் இருந்தாள்.

"நன்றி கெட்ட நாயி" என்றாள் கிரோப் அம்மாள். "எங்க வீட்டு மேசைல உக்காந்து எத்தன தடவ தின்னிருக்கா."

"சர்வ் இன்னும் நல்லாயிருக்கு" என்றாள் உர்சினா. "பந்தக் கொஞ்சம் முன்னாடி தூக்கிப் போடறா. நான் சொல்லிச் சொல்லிப் பாத்தேன், அப்பல்லாம் கேக்கல."

"உனக்கு ரோஷமே கெடையாதாடி?"

உர்சினா எழுந்து போய்க் காபிக் கோப்பைகளை எடுத்துக் கழுவத் தொடங்கினாள். கழுவிய கோப்பைகளையும் சேர்த்து இன்னொரு தடவை கழுவிக்கொண்டிருந்தாள் என்று மார்கிரித் கவனித்தாள்.

அதன்பின் உர்சினா ஏழெட்டுப் பேரோடு ஜோடி சேர்ந்து பார்த்தாள். ஒரு ஸ்லோவாக்கியப் பெண் நல்லவள், ஆனால் தோற்றால் மூன்று நாள் அழுவாள். ஒரு பெல்ஜியக்காரி விரல் கணக்கைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, ஒரு முழு ஆட்டமும் உர்சினாவின் பிடரியிலேயே சர்வ் அடித்தாள். வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினாள். லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடம் கிடைக்காமல், மறுபடி மழை விடாத ஊர்களுக்கே வந்து சேர்ந்தாள். முப்பது வயதில், இத்தாலியில் ஏதோ ஓர் ஊரில் ஆடிக்கொண்டிருக்கும்போது, காரை நிறுத்திய இடத்தில் சந்தை நாளன்று வண்டியை இழுத்துப்போவார்களா என்று ஒரு செட் முழுக்க யோசித்துக்கொண்டிருந்ததைக் கவனித்தாள். ஆட்டம் முடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தாள். கார் இருந்தது. அதில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் நிறுத்திக்கொண்டதை வட்டாரப் பத்திரிகை, மாட்டுக் கண்காட்சி முடிவுகளுக்குக் கீழே நாலு வரி போட்டது.

கிளப்பில் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். ஒரு வசந்தகாலம் கொடுத்துப் பார்த்தாள். பிள்ளைகளுக்கு அடிக்கத்தான் ஆசை, வலையோரம் நிற்க ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை. அவளுக்கும் அதைச் சொல்லிப் புரியவைக்கத் தெரியவில்லை. தபால் துறையின் மஞ்சள் பஸ்ஸுக்கு ஓட்டுநர் வேண்டும் என்று விளம்பரம் வந்தபோது விண்ணப்பித்தாள். நெஸ்லாவிலிருந்து மலையேறி வில்ட்ஹவுஸ் வழியாக அந்தப் பக்கம் பூக்ஸுக்கு இறங்கும் தடம். பனிக்காலத்தில் அந்த வளைவுகளில் அவள் ஓட்டினால் பயமில்லை என்று பெயர் எடுத்தாள். ஸ்டெயின் ஊர்ப் பாலாடைக்கட்டிக்காரர் ஒருவரோடு சேர்ந்து வாழ்ந்தாள். அவருக்கு டென்னிஸ் கணக்கு கடைசிவரை பிடிபடவில்லை. பதினைந்து, முப்பது, அப்புறம் ஏன் நாற்பத்தைந்து இல்லை என்று கேட்பார். எனக்கும் தெரியாது என்பாள்.

உர்சினாவின் பிறந்தநாள் தவறாமல் யோரின் போன் செய்வாள். இரண்டு நிமிஷப் பேச்சு. ஒரு நவம்பரில் பிறந்தநாள் இல்லாத நாளில் போன் வந்தது. தன் அம்மா இறந்துவிட்டாள் என்றாள் யோரின். சனிக்கிழமை அடக்கம். வரச் சொல்லிக் கூப்பிடவில்லை, சேதி சொன்னாள், அவ்வளவுதான்.

உர்சினா வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து, கொஞ்சம் தூங்கி எழுந்து கிளம்பினாள். ஜெர்மனியின் நீளம் முழுக்கக் கடந்து, கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் அந்தத் தட்டை நிலத்தில், தேவாலயக் கோபுரத்தை வெகுதூரத்திலேயே பார்த்து வழி பிடித்தாள். பின்வரிசையில் நின்றாள். ஃபிரீஸ் மொழிப் பிரசங்கத்தில் ஒரு வார்த்தையும் புரியவில்லை. பாடல்களில் மெட்டு மட்டும் தெரிந்ததாக இருந்தது. டெல்மா பூ அனுப்பியிருந்தாள், பெரிய வளையம்.

பிறகு பக்கத்துக் கூடத்தில் காபியும் கேக்கும் கொடுத்தார்கள். யோரின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தலைமுடி முன்பக்கம் நரைத்திருந்தது. உயரம் மட்டும் அப்படியே இருந்தது.

"இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கிட்டா வந்த?"

"இப்ப வேலையே அதானே. நடுவுல யாரையும் ஏத்தி எறக்க வேண்டியதில்ல, சீக்கிரம் வந்துட்டேன்."

யோரின் சிரிக்கப் பார்த்தாள், முகம் வேறு பக்கம் கோணிக்கொண்டது. உர்சினா அவள் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டாள். அது சாய்ந்து காபி கொட்டிக்கொண்டிருந்தது. இருவரும் சுவரோரமாகக் கொஞ்ச நேரம் நின்றார்கள். யாராவது யோரினிடம் கைகுலுக்க வந்தால் உர்சினா நகர்ந்துகொள்வாள், அவர்கள் போனதும் திரும்பப் பக்கத்தில் வந்து நிற்பாள்.

யோரினின் கிழட்டு அத்தை ஒருத்தி கோலை ஊன்றிக்கொண்டு வந்து உர்சினாவை ஏற இறங்கப் பார்த்தாள். "பாரிஸ்ல இவகூட ஆடி அந்தப் பெரிய கோப்பைய வாங்கினது நீதானா?"

"இல்லீங்க. அது வேற பொண்ணு. நான் அவளுக்கு முந்தினவ."

"ஓகோ." அத்தை கொஞ்சம் யோசித்தாள். "அந்தப் பொண்ணு வந்திருக்காளா?"

"பூ அனுப்பியிருக்கா."

அத்தை வாசல் பக்கம் திரும்பி அந்தப் பூவளையத்தைப் பார்த்தாள். பிறகு மேசைக்குப் போய், கேக் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து உர்சினாவின் கோட்டுப் பையில் திணித்தாள். தூரப் பயணமாயிற்றே, வழியில் பசிக்கும் என்றாள்.

மறுநாள் சாயங்காலம் உர்சினா எப்னாட் வந்து சேர்ந்தபோது மேலே மலையில் பனி விழத் தொடங்கியிருந்தது. பணிமனைக்குப் போன் செய்து, திங்கட்கிழமை முதல் வண்டிக்குச் சக்கரச் சங்கிலி மாட்டி வைக்கச் சொன்னாள். கேக் நசுங்கிப்போயிருந்தது. வீட்டு அடுப்படியில் நின்றபடியே பாலாடைக்கட்டிக்காரரும் அவளும் அதைத் தின்று தீர்த்தார்கள்.